சர்வர் ஓடுகிறது, சரி, லாக் எங்கே?

உபுண்டு லினக்ஸில் அப்பாச்சி வலை சர்வரை நிறுவ ஒரே ஒரு கட்டளை போதும். சில நிமிடங்களில் உலாவியில் 'இட் ஒர்க்ஸ்' என்ற வரவேற்புப் பக்கம் வந்துவிடும். மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) எடுத்து, தெரிந்த பையனிடம் கடையின் தளத்தை ஏற்றச் சொல்கிறவர்கள் பலரும் தளம் திறந்ததைப் பார்த்ததுமே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். தளம் திறப்பதற்கும் சர்வர் பாதுகாப்பாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

"நம்ம தளத்தை எவன் வந்து பார்க்கப் போறான்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பூட்டுக் குறிக்காக லெட்ஸ் என்க்ரிப்ட்டில் இலவசச் சான்றிதழ் வாங்கியதுமே உங்கள் டொமைன் பெயர் யாரும் படிக்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். சான்றிதழ் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் உடனே வந்து கதவைத் தட்டும். தளக் கோப்புறையிலேயே மறந்து விட்டுவைத்த பேக்கப் ஜிப், தரவுத்தளக் கடவுச்சொல் எழுதிய 'என்வி' கோப்பு, கிட் கோப்புறை ஆகியவற்றைத்தான் அவை தேடும். கடையின் பெயரோ அளவோ அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை.

2021 அக்டோபரில் நடந்ததை நினைவில் வைக்கலாம். அப்பாச்சி 2.4.49 பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தது. முகவரியைக் கொஞ்சம் திரித்து எழுதினால் தளத்துக்கு வெளியே உள்ள கோப்புகளையும் படிக்க முடிந்தது. அவசரமாக வந்த 2.4.50 அதை முழுதாக அடைக்கவில்லை. சில நாட்களிலேயே 2.4.51 வந்தது. ஆனால், 'எல்லாருக்கும் மறுப்பு' என்ற வரியை அமைப்புக் கோப்பில் அப்படியே விட்டுவைத்தவர்களுக்கு அந்த ஓட்டையால் ஆபத்து வரவில்லை. 'அனுமதியில்லை' என்ற 403 பிழை வருகிறதே என்று அந்த வரியை 'எல்லாருக்கும் அனுமதி' என மாற்றியவர்கள்தான் மாட்டினார்கள். கோப்புகளுக்கெல்லாம், யார் வேண்டுமானாலும் படிக்கவும் மாற்றவும் விடும் 777 அனுமதி கொடுப்பதும் இதே ரகம். இதைச் செய்பவருக்கு வேலை தெரியவில்லை என்றே சொல்வேன்.

ஃபயர்வாலில் வலைத்தளத்துக்கான 80, 443 போர்ட்கள் இரண்டையும் வெளியுலகுக்குத் திறக்கலாம். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கான 22ஐக் கடவுச்சொல் இல்லாமல் சாவிக்கோப்பால் மட்டும் நுழையும்படி வைக்க வேண்டும் (22ஐ அனுமதிக்காமல் ஃபயர்வாலை முடுக்கினால் நீங்களே வெளியே நிற்பீர்கள்). தரவுத்தள மென்பொருளான மைசீக்குவலின் 3306 இணையத்துக்குத் தெரியவே கூடாது. இயங்குதளத்தின் வயதையும் பாருங்கள்: சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூனிலும், உபுண்டு 20.04க்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்திலும் முடிந்துவிட்டன. உங்கள் சர்வர் இன்னும் அவற்றில் ஓடுகிறதா என்று கேளுங்கள்.

பலரும் கவனிக்காதது லாக். யார், எப்போது, எதைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் கோப்பு அது. உபுண்டுவில் அப்பாச்சி, இன்னொரு வலை சர்வரான என்ஜின்எக்ஸ் இரண்டுமே இயல்பாக 14 நாள் லாக்கைத்தான் வைத்திருக்கும். பழையதை லாக்ரொட்டேட் என்ற நிரல் தானாக அழித்துவிடும். ஆனால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தரவும் சொல்கிறது. பெரிய கம்பெனிகளுக்குத்தானே என்று ஒதுங்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 'நிறுவனம்' என்பதன் வரையறைக்குள் தனிநபர் வணிகமும் வருகிறது. லாக்ரொட்டேட் கோப்பில் ஒரு எண்ணை மாற்றினால் முடிகிற வேலை இது.

இனி உங்கள் உரிமை. அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள். 'சர்வர் லைசென்ஸ்' என்று பில்லில் ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். நிறுவிக் கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். டொமைன், விபிஎஸ் கணக்கு இரண்டும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே ரூட் கடவுச்சொல்லை மாற்றி, நிறுவிக் கொடுத்தவரின் சாவிக்கோப்பையும் நீக்கச் சொல்லுங்கள். தகராறில் அவர் கடவுச்சொல்லைத் தராமல் இழுத்தடித்தால், உரிமையுள்ளவரை உள்ளே விடாமல் தடுத்ததாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஆம் பிரிவில் கேள்வி எழுப்பலாம்.

ஊடுருவல் நடந்துவிட்டால் பதற்றத்தில் சர்வரை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவாதீர்கள். தடயமும் சேர்ந்தே போய்விடும். முதலில் சர்வரின் அப்போதைய நிலையை அப்படியே பதியும் ஸ்னாப்ஷாட் எடுத்து, லாக்கை வேறு இடத்தில் நகலெடுங்கள். பிறகு செர்ட்-இன்னுக்கு எழுதுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்; மற்றபடி தேசிய சைபர் குற்றத் தளத்திலோ சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் தரலாம். வாடிக்கையாளர்களின் விவரம் கசிந்திருந்தால் அவர்களுக்குச் சொல்வதும் கடமையாகிவருகிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வரும். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

நஷ்ட ஈடு கேட்க சிவில் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக விசாரிப்பார். அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த ஸ்னாப்ஷாட்டும் 180 நாள் லாக்கும்.