குளிர் கேட்கும் ஹோஸ்டா. நிழலில் தழைக்கும் கச்சோலம்

(நமது நிருபர்)

பெங்களூரில் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்குத் தோட்டம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு முழ இடம், சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்டுத் திண்டு, இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். அங்கே வெயில் எட்டிப் பார்ப்பதே காலையில் ஒரு மணி நேரம். ரோஜா வைத்தால் மொட்டு விடாது. மல்லிகை வைத்தால் கொடி மட்டும் நீளும். ஆனாலும் நாலு பச்சை இலையைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது?

இந்த ஆசையை அறிந்துதான் செல்போன் விளம்பரங்களில் "ஹோஸ்டா" என்ற செடியை விற்கிறார்கள். "நிழலிலேயே வளரும், ஒருமுறை நட்டால் போதும்" என்று விளம்பரம் சொல்கிறது. அகன்ற இதய வடிவ இலைகள். பச்சை, வெள்ளைக் கரை, நீலப் பூச்சு என்று பார்க்கவே கண்ணைப் பறிக்கும். பணம் கட்டிக் கிழங்கு வாங்கி நட்டவர்களுக்கு முதல் ஆண்டு இலை வரும். இரண்டாம் ஆண்டு இலை சிறுத்துவிடும். மூன்றாம் ஆண்டு தொட்டியில் மண்தான் மிச்சம். "எனக்குக் கைராசி இல்லை" என்று வீட்டம்மாள் தன்னையே நொந்துகொள்வார். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எந்த ஊர்ச் செடி?

ஹோஸ்டாவின் பிறப்பிடம் ஜப்பான், கொரியா, சீனா. மலைச் சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும் மரநிழலில் வளர்வது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த தாவர அறிஞர் ஹோஸ்ட் (1761–1834) என்பவரின் நினைவாக 1812-ல் இதற்குப் பெயர் வைத்தார்கள். ஜப்பானில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் சீபோல்ட் 1830-ல் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன செடிகளில் இதுவும் உண்டு. இன்று குளிர்நாட்டுத் தோட்டங்களில் நிழலுக்கு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஹோஸ்டாதான். ஜப்பானில் இதன் இளங்குருத்தைக் கீரையாகவும் சமைக்கிறார்கள்.

அந்த நாடுகளில் பனிக்காலம் வந்தால் இலை முழுதும் வாடி விழுந்துவிடும். செடி செத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் மண்ணுக்குள் வேர்த்தண்டும் முளைக்கண்ணும் உறங்கிக்கொண்டிருக்கும். பனி விலகியதும் குருத்து விடும்.

600 மணி நேரக் குளிர்

அந்த உறக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. உறங்கும் முளைக்கண் சரியாக விழித்தெழ வேண்டுமானால், அதற்குப் போதிய நேரம் குளிர் பட்டிருக்க வேண்டும். சுமார் 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே 600 முதல் 700 மணி நேரம் என்பது தோட்டக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதாவது இரவும் பகலுமாக ஏறத்தாழ நான்கு வாரக் குளிர்.

பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான். அதுவும் 1884 ஜனவரி 13 அன்று! சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த அளவு 13.9 டிகிரி. ஹோஸ்டா கேட்கும் குளிரை ஒரு மணி நேரம்கூட நம்மால் கொடுக்க முடியாது என்பது இதிலிருந்து விளங்கும்.

குளிர் கிடைக்காத செடி என்ன செய்யும்? கிழங்கில் சேர்த்து வைத்த உணவைக் கொண்டு முதல் ஆண்டு ஒப்பேற்றிவிடும். பிறகு உறங்கவும் முடியாமல், விழிக்கவும் முடியாமல் ஆண்டுக்கு ஆண்டு தேயும். நீல இலை என்று ஆசைப்பட்டு வாங்குவதிலும் ஏமாற்றம் உண்டு. அந்த நீலம் இலையின் மேல் படிந்துள்ள மெழுகுப் பூச்சு. வெப்பம் ஏறினால் அது கரைந்து இலை வெறும் பச்சையாகிவிடும். இனி விதையின் கதை. பெயர் பெற்ற ரகங்களின் விதையைப் போட்டால் தாய்ச் செடியைப் போலவே வராது. ஆகவே, படத்தைக் காட்டி விதைப் பொட்டலம் விற்பவரை நம்பவே வேண்டாம்.

அமெரிக்காவிலும் இதே பாடு

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள புளோரிடாவிலும், டெக்சாஸின் கடலோரத்திலும் வெப்பம் அதிகம். வடக்கே பார்த்த ஹோஸ்டாவைத் தங்கள் வீட்டிலும் வைக்க வேண்டும் என்று அங்குள்ளவர்களும் பாடுபட்டார்கள். கிழங்கைத் தோண்டிக் கழுவி, ஆறு முதல் எட்டு வாரம் பிரிட்ஜுக்குள் வைத்து மறுபடி நடுகிறவர்களும் உண்டு! இட்லி மாவும் பாலும் வைக்கவே இடம் போதாத நம் வீட்டு பிரிட்ஜில் இதற்கு ஏது இடம்?

ஹோஸ்டாவைத்தான் வளர்ப்பேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் சீனத்தைச் சேர்ந்த "ஹோஸ்டா பிளான்டாஜினியா" என்ற இனத்தைத் தேடிப் பார்க்கலாம். இந்தக் குடும்பத்திலேயே வெப்பத்தை அதிகம் தாங்குவது இதுதான். மணமுள்ள வெள்ளைப் பூ பூக்கும். தொட்டியில் வைத்து, காலை வெயில் மட்டும் படும்படி பார்த்து, வேர் காயாமல் தண்ணீர் விட வேண்டும். ஆனால் இதற்கும் குளிர் ஓய்வு தேவை. பெங்களூரில் பல ஆண்டு நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை.

அமெரிக்கத் தெற்கத்திக்காரர்கள் கடைசியில் வேறு வழி கண்டார்கள். இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த "கெம்பீரியா" என்ற ஆசியச் செடியை நிழலில் வைத்தார்கள். அது தழைத்தது. "தெற்கத்தி ஹோஸ்டா" என்று அதற்குச் செல்லப் பெயரும் சூட்டினார்கள். அந்தச் செடியின் நெருங்கிய உறவு ஒன்று நம் நாட்டு மருந்துக் கடை டப்பாவில் கிடக்கிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அதுதான் கச்சோலம்!

உறக்கம் இரண்டு வகை

கச்சோலத்தின் கிழங்கு மணம் மிக்கது. மருந்துக்கும் வாசனைப் பொடிக்கும் ஆவது. கேரளத்தில் இதைப் பயிராகவே செய்கிறார்கள். அகன்ற வட்ட இலைகள் தரையோடு தரையாக விரிந்து கிடக்கும். நடுவில் ஊதாப் புள்ளியிட்ட வெள்ளைப் பூ வரும். ஒரு பூ ஒரு நாள்தான் இருக்கும், அடுத்தடுத்துப் பூத்துக்கொண்டிருக்கும்.

இச்செடியும் ஆண்டுதோறும் உறங்கும். ஆனால் ஹோஸ்டா குளிரில் உறங்குவது. கச்சோலம் வறட்சியில் உறங்குவது. மழைக்காலம் முடிந்து மண் காய்ந்தால் இலை பழுத்துப் படுத்துவிடும். கோடை மழை விழுந்ததும் எழுந்துகொள்ளும். அது கேட்கும் வறட்சியைப் பெங்களூர் டிசம்பர் முதல் மார்ச் வரை தாராளமாகவே கொடுக்கிறது. வெளியூர்ச் செடி எதை வாங்குவதானாலும் "இது எந்தக் காலத்தில் உறங்கும், அந்தக் காலம் நம் ஊரில் உண்டா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு காசை எடுங்கள்.

வளர்ப்பது எப்படி?

கடையில் விற்கும் காய்ந்த கச்சோலத் துண்டு முளைக்காது. பச்சைக் கிழங்கு வேண்டும். மூலிகைச் செடி விற்கும் நர்சரியில் விசாரிக்கலாம். கேரளத்துக்குப் போய்வரும் சக தொழிலாளர் இருந்தால் ஒரு பிடி கொண்டுவரச் சொல்லலாம்.

ஆழத்தைவிட அகலம் கூடுதலாக உள்ள தொட்டி நல்லது. அடியில் துளை அவசியம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பவும். மே மாதத்தில், முளைக்கண் உள்ள துண்டுகளை இரண்டு அங்குல ஆழத்தில் நட வேண்டும். முளை வரும் வரை ஈரம் இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். உச்சி வெயில் படக் கூடாது. மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி எரு போடலாம்.

மழை ஓய்ந்து இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். "செடி போய்விட்டது" என்று தொட்டியைக் கவிழ்த்து விடாதீர்கள். மழை படாத மூலையில் அப்படியே வைத்திருந்தால் அடுத்த மே மாதம் மறுபடி வரும். ஒரு தொட்டிக் கிழங்கு இரண்டு ஆண்டில் நாலு தொட்டிக்கு ஆகும்.

காய்கறிப் பையிலேயே ஒரு செடி

கச்சோலம் கிடைக்காதவர்களுக்கு அதைவிட எளிய வழி உண்டு. சந்தையில் வாங்கிய சேப்பங்கிழங்கில் முளை விட்டது ஒன்றை எடுத்து, துளையிட்ட பழைய பக்கெட்டில் நடுங்கள். பெரிய இதய வடிவ இலைகள், ஏறத்தாழ ஹோஸ்டாவின் தோற்றம்! அரை நிழலைத் தாங்கும். தண்ணீர் மட்டும் நிறைய விட வேண்டும். இதன் இலையில்தான் மங்களூர்க்காரர்கள் பத்ரொடே செய்கிறார்கள். பச்சையாகத் தின்றால் தொண்டை அரிக்கும். புளி சேர்த்து நன்றாக வேகவைக்க வேண்டும்.

வண்ண இலை வேண்டுமென்றால் கலேடியம் வைக்கலாம். இதுவும் வறட்சியில் உறங்கும் கிழங்குச் செடியே. சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு எல்லாம் உண்டு. ஆனால் இதன் இலையும் கிழங்கும் உண்ணத் தகாதவை. சேம்பு போலத் தெரிகிறதே என்று குழம்பில் போட்டுவிடக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஹோஸ்டா வைத்திருப்பவர்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அவற்றை அண்ட விடக் கூடாது. அவற்றுக்கு அது ஆகாது.

எந்தச் செடி வைத்தாலும் தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். தினமும் தட்டைக் கவிழ்த்துத் துடைத்துவிட வேண்டும்.

சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கும் செடி, இந்த ஊர்க் காற்றில் பிழைக்கக் கூடியதாக இருக்கட்டும். ஏற்கெனவே ஹோஸ்டா வாங்கி இழந்தவர்கள் தொட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். மண்ணைக் கிளறி, எரு கலந்து வைத்திருந்தால், மே மாதம் நாலு துண்டு கச்சோலம் நட அது போதும்.