அச்சிட்ட மாத்திரைக்கு யார் பொறுப்பு?

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்கள் வீட்டு நாள்காட்டியில் சில எண்கள் குறித்திருக்கும்: திங்கள், புதன், வெள்ளி 2, மற்ற நாள்களில் 3. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையின் மில்லிகிராம் கணக்கு அது. வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மருந்துகளின் அளவு கூடினால் ரத்தக்கசிவு. குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டு. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மருத்துவர் அளவைக் கூட்டுவார், குறைப்பார். கடையிலோ சில குறிப்பிட்ட அளவுகளில்தான் மாத்திரை கிடைக்கும். அரை, கால் எல்லாம் வீட்டுக் கத்தியின் வேலை. இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைக்கு இன்னும் சிரமம். பெரியவர்களின் மாத்திரையைப் பொடித்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். இல்லாவிட்டால், "தண்ணியில கரைச்சு இத்தனை மில்லி குடும்மா" என்பார்கள். பொட்டலத்துக்குப் பொட்டலம் மருந்து ஒரே அளவில் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

முப்பரிமாண அச்சில் மாத்திரை செய்யும் ஆராய்ச்சி இந்த இடத்தில்தான் நுழைகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஷாபான் கலீத் என்பவர் இதை முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தார். 2015இல் அவரும் பேராசிரியர் கிளைவ் ராபர்ட்ஸ் குழுவினரும் இதய, ரத்த அழுத்த நோயாளிகளுக்கான ஐந்து மருந்துகள் கொண்ட ஒரே மாத்திரையை அச்சிட்டுக் காட்டினார்கள். மருந்துப் பொடியைப் பசையாகக் குழைத்து, முறுக்கு அச்சில் மாவு பிழிவதுபோல் மெல்லிய குழல் வழியே அடுக்கடுக்காக இழைவிடுகிறது இயந்திரம். பிரவஸ்டாட்டின், அட்டெனலால், ராமிப்ரில் மூன்றுக்கும் தனித்தனி அறைகள், நடுவே தடுப்பு, சுற்றிலும் செல்லுலோஸ் அசிடேட் ஓடு. மேலடுக்கில் ஆஸ்பிரினும் ஹைட்ரோகுளோரோதயசைடும். மேலே உள்ளவை சட்டென்று கரையும். அறைகளில் உள்ளவை பல மணி நேரம் மெல்ல மெல்லக் கசியும்.

ராமிப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். ஆலையில் செய்த கூட்டு மாத்திரையில் அதை மட்டும் நிறுத்த வழியில்லை. அச்சிடும்போது அந்த ஓர் அறையில் மட்டும் வேறு மருந்தை வைக்கலாம், கணினியில் எண்ணை மாற்றி அளவையும் மாற்றலாம். இதுதான் இந்த ஆராய்ச்சி தரும் உண்மையான நம்பிக்கை.

ஆனால் அந்த ஐந்து மருந்து மாத்திரை கரைந்தது சோதனைக் கலத்தில்; நோயாளியின் வயிற்றில் அல்ல. அதே 2015 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முதலாக அனுமதித்த அச்சு மாத்திரையான ஸ்பிரிட்டாம், வலிப்பு நோய்க்கானது. அதுகூட ஆலையில் குறிப்பிட்ட அளவுகளில் தயாராவதுதான். ஆளுக்கேற்ப அச்சிடுவது அல்ல. 'அச்சு மாத்திரை வந்துவிட்டது' என்று செய்தி படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. பல மருந்துகளை ஒன்றாகப் போடுவதுதான் தேவை என்றால் அதற்கு அச்சுப்பொறியே வேண்டாம். பெங்களூரு மருத்துவர்களும் பங்கேற்று 2009இல் வெளியான ஆய்விலேயே ஐந்து மருந்துக் கூட்டு மாத்திரை இந்திய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆபத்து எங்கே? ஆலையில் ஒரு தொகுதிக்கு லட்சக்கணக்கில் மாத்திரை செய்வார்கள். அதில் சிலவற்றைப் பொடித்து, கரைத்துச் சோதிப்பார்கள். உங்கள் ஒருவருக்காக 30 மாத்திரை அச்சிட்டால் எதைப் பொடித்துச் சோதிப்பது? மாத்திரையை உடைக்காமல் எடையும் ஒளியும் கொண்டு அளக்கும் முறைகள் வளர்ந்து வருகின்றன. இன்னொன்று வெப்பம்: மருந்தை உருக்கி அச்சிடும் முறையில் ராமிப்ரில் போன்றவை சிதைந்துபோகும். மாத்திரை பார்க்க அழகாக இருக்கும், உள்ளே மருந்து குறைந்திருக்கும்.

தவறு நடந்தால் பொறுப்பு மருத்துவருடையதா, மென்பொருளுடையதா, அச்சிட்ட மருந்தாளுநருடையதா? பிரிட்டன் 2025 ஜூலையில் இதற்கென்றே விதிகளைக் கொண்டுவந்தது. மருத்துவமனையிலேயே மருந்து தயாரித்தாலும், உரிமம் பெற்ற ஒரு தலைமை இடம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் நாட்டில் விற்பனைக்கு மருந்து தயாரிக்க 1940ஆம் ஆண்டு மருந்துகள், ஒப்பனைப் பொருள்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். பிரிண்டர் வாங்கிய ரசீது உரிமம் ஆகாது. "உங்க உடம்புக்கே அச்சடிச்ச மாத்திரை, இதய நோய் குணமாகும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அதுவே குற்றம். 1954ஆம் ஆண்டு ஆட்சேபகரமான விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் இதய நோயும் ரத்த அழுத்தமும் இருக்கின்றன.

கல்லூரி மருத்துவமனையில், "ஒரு ஆராய்ச்சிக்காகப் புது மாத்திரை, சேர்றீங்களா?" என்று கேட்பது வேறு கதை. இங்கே நோயாளிகள் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தைப் புதிய அளவிலோ புதிய வடிவிலோ வெறும் கல்வி ஆராய்ச்சிக்காக மட்டும் சோதித்தால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் முன் அனுமதி தேவையில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் போதும். முனைவர் பட்ட ஆய்வு ஒன்று இந்த வழியில் நோயாளியிடம் வர இடமிருக்கிறது. அப்படி வந்தால் உங்களுக்கும் அந்த மாத்திரைக்கும் நடுவே நிற்பது அந்தக் குழு மட்டும்தான். அதில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு பொதுஜனம், ஒரு பெண் கட்டாயம், பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள், தலைவரும் வெளியாள். ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். குழுவின் தொடர்பு எண் உங்கள் சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும்.

படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக்கூடாது. "மாத்திரைக்குள் என்னென்ன, எத்தனை மில்லிகிராம், அவசரத்துக்கு வேறு மருத்துவரிடம் போனால் இதை எப்படிச் சொல்வது?" என்று எழுதி வாங்குங்கள். ரத்தக்கசிவோடு நள்ளிரவில் வேறு ஊர் மருத்துவமனையில் சேரும் நிலை வந்தால், பெயர் அச்சிடாத மாத்திரையை வைத்து யாரும் சிகிச்சை முடிவெடுக்க முடியாது. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு இரண்டையும் யார் தருவார் என்பது படிவத்தில் தெளிவாக இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பக்கவிளைவு எதுவானாலும் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம். நோயாளியே சொல்லலாம், மருத்துவர் வழியாகத்தான் என்றில்லை. காசு கொடுத்து வாங்கிய மருந்தில் சந்தேகம் என்றால் 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். இழப்பீடு கேட்பதானால் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைக்கு இந்த வழி பொருந்தாது என்பதால் அங்கே நெறிமுறைக் குழுவும் ஆய்வு இழப்பீட்டு விதிகளும்தான் கைகொடுக்கும்.

புகார் கொடுக்கும் அவசரத்தில் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வழக்கமான மருத்துவரிடம் அன்றே போய், ஐ.என்.ஆர். பார்த்து, பழைய மருந்துக்கு மாறுங்கள். மீதமிருக்கும் அச்சு மாத்திரைகளை அவை வந்த டப்பாவோடு, ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். சோதனைக்குக் கொடுக்க அவைதான் சாட்சி.