அவசர மருத்துவ முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தல் (இந்தியா)

அவசர மருத்துவம் என்பது மாரடைப்பு, விபத்துக் காயம், பக்கவாதம், பாம்புக்கடி, நஞ்சு போன்றவற்றால் பாதிக்கப்பட்டு வருவோரை முதலில் பரிசோதித்து, உயிரைக் காத்து, உரிய பிரிவுக்கு அனுப்பும் மருத்துவத் துறையாகும். இந்திய மருத்துவக் கழகம் 2009ஆம் ஆண்டு இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றது. எம்.பி.பி.எஸ். முடித்தோர் எம்.டி. அல்லது டி.என்.பி. பட்டத்தின் வழியாக இத்துறையில் சிறப்பு மருத்துவர் ஆகலாம். இரண்டும் மூன்றாண்டுப் படிப்புகள்.

இத்துறைக்கு மட்டுமெனத் தனி விண்ணப்பமோ நேர்முகத் தேர்வோ பொதுவாக இல்லை. எல்லாத் துறைகளுக்கும் ஒரே நுழைவுத் தேர்வுதான். எந்தத் துறை என்பது கலந்தாய்வின்போதே முடிவாகிறது.

தகுதி

அங்கீகரிக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். பட்டமும் மருத்துவக் கழகப் பதிவும் தேவை. ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியை அந்தந்த ஆண்டு அறிவிக்கப்படும் கடைசி நாளுக்குள் முடித்திருக்க வேண்டும்.

நுழைவுத் தேர்வு

முதுநிலை நீட் தேர்வைத் தேசிய மருத்துவ அறிவியல் தேர்வு வாரியம் நடத்துகிறது. இதில் 200 கொள்குறி வினாக்கள் இருக்கும். சரியான விடைக்கு 4 மதிப்பெண் வழங்கப்படும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர் போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களுக்கு இத்தேர்வு பொருந்தாது. அவற்றுக்கு ஐ.என்.ஐ.-செட் என்னும் தனித் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது.

இடப் பங்கீடு

மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. இவற்றுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்களுக்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. எஞ்சியவற்றை மாநிலங்களே நிரப்புகின்றன. தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. ஆகவே ஒரே தேர்வை எழுதியவர் இரு கலந்தாய்வுகளுக்கும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும்.

விருப்பப் பட்டியல்

கலந்தாய்வில் விண்ணப்பதாரர் தாம் விரும்பும் கல்லூரியையும் துறையையும் வரிசைப்படுத்திப் பதிவு செய்கிறார். அவருடைய தரவரிசை வரும்போது, பட்டியலின் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடம் ஒதுக்கப்படுகிறது. எனவே, கிடைக்குமா என்று கணக்கிட்டு வரிசையை மாற்றுவதால் பயனில்லை. உண்மையில் விரும்பும் வரிசையிலேயே நிரப்புவது நல்லது.

கதிரியக்கவியல், தோல் மருத்துவம், பொது மருத்துவம் ஆகியவை பெரும்பாலும் முன்வரிசையினராலேயே நிரம்பிவிடுகின்றன. அவை கிடைக்காத சிலர் அவசர மருத்துவத்தைப் பட்டியலின் அடியில் சேர்த்துவைப்பதுண்டு. இரவுப் பணி, இடைவிடாத நோயாளி வரவு, உறவினரிடம் இறப்புச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு ஆகியவை இத்துறையின் அன்றாடம். இதை விரும்பாதவர் பட்டியலில் சேர்க்காமலிருப்பதே மேல். பிந்தைய சுற்றுகளில் கிடைத்த இடத்தை விட்டால் வைப்புத்தொகையை இழக்க நேரும். அடுத்த கலந்தாய்வுக்கான தகுதியும் போகக்கூடும். அரசுக் கல்லூரியில் சேர்ந்தபின் விலகினால் ஒப்பந்தத் தொகையும் செலுத்த வேண்டிவரலாம். தயங்குவோர், உள்ளிருப்புப் பயிற்சிக் காலத்திலேயே அவசரப் பிரிவில் சில இரவுகள் பணியாற்றிப் பார்த்து முடிவெடுக்கலாம்.

அங்கீகாரம்

சில தனியார் மருத்துவமனைகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து எம்.இ.எம். போன்ற பெயர்களில் அவசர மருத்துவப் பயிற்சி அளிக்கின்றன. இவற்றில் சேர முதுநிலை நீட் தரவரிசை தேவைப்படுவதில்லை. இவற்றில் நல்ல செய்முறை அனுபவம் கிடைக்கலாம். ஆனால் தேசிய மருத்துவ ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாத பட்டத்தைக் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்ய இயலாது. அதைக் கொண்டு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவும் முடியாது. மூன்றாண்டு உழைப்புக்குப் பின்னரும் சட்டப்படி எம்.பி.பி.எஸ். மருத்துவராகவே நீடிக்க நேரும். சேருமுன் ஆணையத்தின் அல்லது தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் அந்த நிறுவனமும் படிப்பும் உள்ளனவா என்று பார்ப்பது இன்றியமையாதது.

பயிற்சியும் பின்னரும்

அவசரப் பிரிவுப் பணியுடன் தீவிர சிகிச்சை, மயக்கவியல், எலும்பு மருத்துவம், குழந்தை மருத்துவம் போன்ற பிரிவுகளிலும் சுழற்சி முறையில் பயிற்சி உண்டு. மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணியும் ஆய்வேடும் கட்டாயம். தேர்ச்சி பெற்றோர் சிறப்பு மருத்துவராகப் பணியாற்றலாம், மேற்படிப்புக்கும் முயலலாம்.