குடியினின்று மீள்வார் கூட்டம்

மதுவின் தீமையை எடுத்துரைத்தல் நம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினார். 1937-ஆம் ஆண்டிற் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணமெங்கும் பரவிற்று, 1971-இல் தளர்த்தப்பட்டது, 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்தி வருகின்றது. சட்டங்கள் இவ்வாறு வந்தும் போயும் இருக்க, குடிக்கு அடிமைப்பட்ட ஒருவன், "விட விரும்புகின்றேன், இன்று மாலை எங்கே செல்வேன்?" என்று வினவுவானாயின், விடை கூற வல்லார் நம்முள் மிகச் சிலரே. அவ்விடைகளுள் ஒன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்க நாட்டு ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தொழிலினரான வில்லியம் வில்சன் என்பார் ஒரு விடுதியில் தனித்து நின்றார். அவர் குடியை நிறுத்தி ஐந்து திங்களே ஆகியிருந்தன. மேற்கொண்டு வந்த காரியமும் தோல்வியுற்றது. ஒரு பக்கம் மதுச்சாலையின் ஆரவாரம். மறுபக்கம் தொலைபேசியும், அந்நகரத் திருச்சபைகளின் பட்டியலும். அவர் தொலைபேசியை நாடினார். தம்மைப்போற் குடியால் துன்புறும் மற்றொருவருடன் பேசினாலன்றித் தாம் தப்புதல் அரிதென்பதை அவர் உணர்ந்திருந்தார். மறுநாள் ராபர்ட் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவரைக் கண்டு நெடுநேரம் உரையாடினார். அம்மருத்துவர் இறுதியாக மது அருந்திய நாளாகிய 1935 ஜூன் 10-ஆம் நாளே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகின்றது. இதனைச் சுருக்கி 'ஏ.ஏ.' என்பர். 1957-இல் இது பம்பாயில் வேரூன்றிப் பின்னர் இந்திய நகரங்கள் பலவற்றிற்கும் பரவியது.

இக்கூட்டங்களில் நிகழ்வது யாது? கட்டணம் இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே உறுப்பினராதற்குத் தகுதி. வந்தவருடைய முழுப்பெயரையோ, குலத்தையோ, தொழிலையோ எவரும் கேளார். ஒருவர்பின் ஒருவராகத் தம் அனுபவத்தைக் கூறுவர். ஏனையோர் இடைமறியாது கேட்பர். 'வாழ்நாள் முழுதும் குடியேன்' என்னும் பெருஞ்சூளுக்கு மாறாக, 'இன்று ஒருநாள் குடியேன்' என்னும் சிறு உறுதியே அங்குப் பயிலப்படுகின்றது. கூட்டம் தேவாலய அறையில் நடப்பினும் அது சமயக் கூட்டமன்று. எம்மதத்தினரும், மதம் சாராதாரும் வரலாம். செலவினை உறுப்பினரே மனமுவந்து ஈயும் காசினால் ஈடுசெய்வர். புறத்தார் நன்கொடையை ஏலார்.

இனி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழ்வோர் இதனைக் கண்டடையும் வழியைக் கூறுவோம். மும்பையிலுள்ள ஏ.ஏ. இந்தியப் பொதுப்பணி அலுவலகத்தின் இணையதளத்தாலும் தொலைபேசியாலும் அண்மையிலுள்ள கூட்டத்தை வினவி அறியலாம். போதை மீட்புக்கான 14446 என்னும் தேசிய எண்ணும், மனநலத்திற்கான 14416 என்னும் எண்ணும் கட்டணமின்றி உதவுவன. இடமும் நேரமும் மாறக்கூடுமாதலின், புறப்படுமுன் மூன்று செய்திகளைக் கேட்டறிதல் நலம்: பேசப்படும் மொழி யாது? குடிநோயாளர்க்கு மட்டுமா, உறவினரும் வரலாமா? எத்தனை மணிக்கு? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் உழைப்போர்க்கு இம்மூன்றாம் வினா இன்றியமையாதது. தெரிந்தவர் கண்ணிற் பட நேருமோ என்று நாணுவோர், மின்தொடர் வண்டியில் நான்கு நிலையம் தள்ளி, வேற்றூர்க் கூட்டத்திற்குச் செல்லலாம், அதற்குத் தடையேதுமில்லை. முதற் கூட்டம் மனத்திற்கு ஒவ்வாதாயின் வேறிரண்டைக் கண்ட பின்னரே முடிவுசெய்தல் தகும்.

ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவாராயின், கைநடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் உண்டாகி உயிருக்கே கேடு நேரலாம். அத்தகையோர் முதலில் மருத்துவரை அடைதல் வேண்டும். கீழ்ப்பாக்கத்து அரசு மனநல மருத்துவமனையும், 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனையும் சென்னையில் இதற்கெனச் சிகிச்சை அளிப்பன. மருந்து உடலைத் தேற்றும். வீடு திரும்பிய பின்வரும் நீண்ட மாலைப்பொழுதுகட்குக் கூட்டம் துணையாகும்.

இவ்விதழைப் படிக்கும் மாணவர் சிலர்க்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. தம் இல்லத்துச் செய்தியே. அன்னார்க்கு ஒன்று கூறுவோம். தந்தையின் குடிக்கு நீவிர் காரணரல்லீர். அதனை நிறுத்தும் ஆற்றலும் நும் கையில் இல்லை. ஆயினும் நுமக்கென ஓர் இடம் உண்டு. வில்சனுடைய மனைவி லோயிஸ் அம்மையார் முதலியோர் 1951-இல் தொடங்கிய 'அல்-அனான்' குடும்பத்தார்க்கானது. 1957-இல் அதன் கிளையாக இளைஞர்க்கென 'அலட்டீன்' தோன்றிற்று. தந்தை வர மறுப்பினும் தாயும் நீவிரும் செல்லலாம். அவரிடம் பேச விரும்பின், குடித்துவரும் இரவில் வழக்காடாது, தெளிந்திருக்கும் காலையிற் பேசுமின். கூட்டத்தின் இடமும் நாளும் எழுதிய சீட்டொன்றை அவர் கையிற் கொடுமின். "நானும் உடன் வருகின்றேன், அப்பா" என்று கூறுவீராயின், அவர் புறப்படுதல் சிறிது எளிதாகும்.