யாருக்கு டிக்கெட்? நியூயார்க் கட்சி கிளப்புகளில் அடிபடும் பெயர்கள்

நியூயார்க் நகரசபைக்கு அடுத்த பொதுத் தேர்தல் 2029-ம் ஆண்டில்தான். ஆனால் அந்நகரின் டெமாக்ரடிக் கட்சி கிளப்புகளில் "அடுத்து யார் நிற்கிறார்?" என்ற பேச்சுக்கு ஆண்டுக் கணக்கெல்லாம் கிடையாது. ஜெயித்தவர் கழுத்து மாலை வாடுவதற்குள் அடுத்த தேர்தலுக்குப் பெயர்கள் அடிபடத் தொடங்கிவிடும்.

இந்தத் தடவை பேச்சுக்குத் தீனி அதிகம். நகரசபையில் மொத்தம் 51 இடங்கள். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் இருக்க முடியாது என்பது சட்டம். 2021-ல் முதன்முதலாக வென்று, 2025-ல் மறுபடியும் வந்த உறுப்பினர்கள் 2029 முடிவில் பெட்டி கட்ட வேண்டியவர்கள். காலியாகப் போகும் நாற்காலி என்று தெரிந்துவிட்டால் யாருக்குத்தான் கண் போகாது?

கிளப் என்றதும் சீட்டாட்டமும் கண்ணாடிக் கோப்பையும் நினைவுக்கு வர வேண்டாம். இது கட்சியின் வட்டாரக் கிளை. மும்பையில் கட்சி ஷாகா எப்படியோ, நம்மவர் குடியிருப்புகளில் மன்றம் எப்படியோ, அப்படி. சில கிளப்புகளுக்குச் சொந்த இடம் உண்டு. பெரும்பாலானவை மாதம் ஒரு தடவை மாதாகோயில் கீழ்த்தளத்திலோ, பள்ளிக்கூட ஹாலிலோ கூடுகின்றன. மடக்கு நாற்காலி, காகிதக் கோப்பையில் காப்பி, வருடச் சந்தா, வருகைப் பதிவேடு. ஆடம்பரம் ஒன்றும் இல்லை.

வருகைப் பதிவேடு என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கிளப்பின் ஆதரவு எந்த வேட்பாளருக்கு என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்மானிப்பார்கள். சந்தா கட்டி, குறிப்பிட்ட கூட்டங்களுக்கு வந்தவர்களுக்கே அந்த ஓட்டு என்று பல கிளப்புகளில் விதி இருக்கிறது. ஆகவே திடீரென்று இருபது முப்பது புதுமுகங்கள் சந்தா ரசீது கேட்டு வரிசையில் நின்றால், பழைய ஆசாமிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். யாரோ நிற்கப் போகிறார், ஆள் சேர்க்கிறார் என்று அர்த்தம். பக்கத்து வட்டாரத்தில் இருந்தவர் வீடு மாற்றிக்கொண்டு வந்தாலும் அதே அர்த்தம்தான். அதுவரை கூட்டத்துக்கே தலைகாட்டாத வக்கீல் ஒருவர் நாற்காலிகளை மடக்கி வைக்க உதவி செய்தால் கேட்கவே வேண்டாம்.

ஏ-பி பாரம் கிடையாது

மும்பையில் மாநகராட்சித் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு டிக்கெட் படும் பாடு தெரியும். வேட்புமனுவின் கடைசி நேரம் வரை தலைவர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து, ஏ-பி பாரத்தை வாங்கிக்கொண்டு தேர்தல் அலுவலகத்துக்கு ஓட வேண்டும். 2026 ஜனவரியில் 227 வார்டுகளுக்கு நடந்த தேர்தலிலும் இந்தக் காட்சிக்குக் குறைவில்லை.

நியூயார்க்கில் அந்த பாரம் எந்தத் தலைவர் பையிலும் இல்லை. நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலுக்கு முன்னால், ஜூன் மாதத்தில் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கிறது. இதற்குப் பிரைமரி என்று பெயர். டெமாக்ரடிக் கட்சிக்காரர் என்று வாக்காளர் பட்டியலில் பதிவு செய்துகொண்டவர்கள் வாக்குச் சாவடிக்குப் போய், தங்கள் கட்சி வேட்பாளர் யார் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். நகரில் அக்கட்சியின் பலம் எதிர்க்கட்சியைப்போல் பல மடங்கு என்பதால், பெரும்பாலான வட்டாரங்களில் ஜூனில் ஜெயித்தவர் நவம்பரிலும் ஜெயித்த மாதிரிதான்.

பிரைமரியில் நிற்பதற்குக் கையெழுத்து வேண்டும். நகரசபை இடத்துக்கு 450, மேயர் பதவிக்கு 3,750. அந்தந்தப் பகுதியில் குடியிருக்கும் கட்சி வாக்காளரின் கையெழுத்தாக இருக்க வேண்டும். ஒருவர் ஒரே பதவிக்கு இரண்டு பேருக்குக் கையெழுத்திட்டால் முதலில் போட்டதுதான் செல்லும். தாள் ஒவ்வொன்றிலும் சாட்சி கையெழுத்திட வேண்டும். எதிராளியின் வக்கீல் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, முகவரி தவறு, இவர் கட்சியில் பதிவு பெறாதவர் என்று அடித்துக்கொண்டே போவார். எண்ணிக்கை குறைந்தால் ஓட்டுச் சீட்டில் பெயரே வராது. அதனால் 450 தேவை என்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சேகரிப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

குளிர் விடாத பிப்ரவரி மாத இறுதியில் படியேறிப் படியேறி இந்தக் கையெழுத்துகளை வாங்குவது யார்? கிளப் தொண்டர்கள்தான். பாரம் கொடுக்கும் அதிகாரம் இல்லாத கிளப்புக்கு மவுசு குறையாத ரகசியம் இதுவே.

டாமனி ஹால் காலம்

ஒரு காலத்தில் இத்தனை சிரமம் இல்லை. 1789-ல் தொடங்கிய டாமனி ஹால் என்ற அமைப்பின் தலைவர்தான் நியூயார்க் கட்சிக்கே தலைவர். அவர் தலையசைத்தால் டிக்கெட். வில்லியம் ட்வீட் என்ற தலைவர் நீதிமன்றக் கட்டட வேலையில் நகரத்தின் பணத்தை விழுங்கியதும், 1871-ல் பத்திரிகைகள் அதை அம்பலப்படுத்தியதும், 1878-ல் அவர் சிறையில் இறந்ததும் ஊரறிந்த கதை.

கொள்ளையடித்தார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிக் கதைதான். கப்பலில் வந்திறங்கிய அயர்லாந்துக்காரனுக்கும் இத்தாலிக்காரனுக்கும் அந்நகரில் வேறு நாதி இல்லை. வேலை வேண்டுமா, குளிருக்குக் கரி வேண்டுமா, மகன் போலீஸில் மாட்டிக்கொண்டானா, கிளப்புக்குத்தான் போக வேண்டும். ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் என்ற வட்டாரத் தலைவர் நீதிமன்ற வாசலில் பூட்ஸ் பாலிஷ் போடுபவரின் நாற்காலியில் உட்கார்ந்து தர்பார் நடத்தியவர். எங்காவது தீப்பிடித்தால் முதல் ஆளாக ஓடி, வீடிழந்தவர்களுக்குத் துணியும் தங்க இடமும் ஏற்பாடு செய்வார். உதவி நிஜம். அதற்கு விலையாக ஓட்டுப் போனதும் நிஜம்.

கறுப்புக் கண்ணாடிக்காரர்

இந்தக் கோட்டையின் கடைசிப் பெரிய காவலர் கார்மைன் டி சாப்பியோ. கண் நோயின் காரணமாக எப்போதும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருப்பார். 1949-ல் டாமனித் தலைவரானார். 1953-ல் ராபர்ட் வாக்னரை மேயராக்கினார், 1954-ல் ஹாரிமனைக் கவர்னராக்கினார். நகரமும் மாநிலமும் அவர் விரலசைவில் என்று பேசப்பட்ட நாட்கள் அவை.

ஆனால் அவருக்கும் ஒரு வார்டு உண்டு. கிரீனிச் வில்லேஜ் பகுதியின் வட்டாரத் தலைவர் என்ற சிறு பதவியில் நின்றுதான் அவர் அத்தனை பெரிய அதிகாரத்தையும் செலுத்தி வந்தார். சம்பளமில்லாத அந்தப் பதவி போனால் டாமனித் தலைமையும் போய்விடும்.

1956-ல் ஜனாதிபதி தேர்தலில் ஸ்டீவன்சனுக்காக உழைத்துத் தோற்ற இளைஞர்கள் சிலர், வீட்டுக்குப் போகாமல் அதே பகுதியில் வில்லேஜ் இண்டிபெண்டண்ட் டெமாக்ரட்ஸ் என்று ஒரு புதுக் கிளப் கண்டார்கள். பழைய கிளப்பில் இவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்னாள் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் இந்தச் சீர்திருத்தக்காரர்களுக்குத் துணை நின்றார். 1954-ல் தம் மகன் கவர்னர் வேட்பாளராவதை டி சாப்பியோ தடுத்ததை அம்மையார் மறக்கவில்லை என்பதும் அக்காலப் பேச்சு.

1961-ல் டி சாப்பியோ தம் சொந்த வட்டாரத்திலேயே ஜேம்ஸ் லானிகன் என்பவரிடம் தோற்றார். அவர் உண்டாக்கிய மேயர் வாக்னரே அப்போது எதிர் அணியில்! 1963-ல் மீண்டும் நின்றார். இம்முறை எதிரே எட் காச் என்ற வக்கீல். வித்தியாசம் வெறும் 41 ஓட்டு. வழக்கு நடந்து, 1964-ல் மறுதேர்தல் வந்தது. காச் 164 ஓட்டில் வென்றார். 1965-லும் அவரே. 41 ஓட்டு என்றால் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களின் குடித்தனக்காரர்கள். அவ்வளவில் ஒரு சாம்ராஜ்யம் போயிற்று.

அதே காச் 1977-ல் மேயர் தேர்தலில் வென்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆட்சி செய்தார். ஆனால் மேயரானபின் மற்ற பகுதிகளின் பழைய பாணித் தலைவர்களோடு அவர் அனுசரித்தே போனார். 1986-ல் வாகனம் நிறுத்தும் அபராத இலாகாவில் லஞ்ச ஊழல் வெடித்தபோது, குவீன்ஸ் தலைவர் டொனால்டு மேனஸ் தற்கொலை செய்துகொண்டார். பிராங்க்ஸ் தலைவர் ஸ்டான்லி பிரீட்மன் தண்டனை பெற்றார். காச் மீது குற்றச்சாட்டு இல்லை. பெயர் மட்டும் கெட்டது.

சுருட்டுப் பெட்டியும் ஒரு பெண்ணும்

கிளப் வம்பில் ஆண்கள் பெயர்தான் அடிபடும். பெண்களுக்கு? புரூக்ளினில் பெட்போர்டு-ஸ்டைவெசன்ட் பகுதி கிளப்பில் ஷெர்லி சிஷம் என்ற இளம் ஆசிரியைக்குக் கொடுத்த வேலை, சுருட்டுப் பெட்டிகளுக்கு அலங்காரம் செய்வது. வருடாந்திரக் குலுக்கலில் சீட்டும் பணமும் போட்டு வைக்க அந்தப் பெட்டிகள். கிளப்புக்கு நிதி திரட்டிக் கொடுப்பது முழுக்கப் பெண்கள். ஆனால் அதற்கான செலவுக்குக்கூடக் கிளப் பணம் தருவதில்லை. கூட்டத்தில் எழுந்து "எங்களுக்கு ஏன் பணம் ஒதுக்கவில்லை?" என்று கேட்கும்படி மற்றப் பெண்களைத் தூண்டிவிட்டார் சிஷம். தலைவர்கள் முகம் சுளித்தார்கள்.

அவருடைய பெற்றோர் பிழைப்புத் தேடி நியூயார்க் வந்தவர்கள். தாயார் தையல் வேலை செய்தவர். கிளப்பின் சந்து பொந்தெல்லாம் கற்றுக்கொண்ட சிஷம் 1964-ல் மாநிலச் சட்டசபைக்கும், 1968-ல் அமெரிக்கப் பார்லிமெண்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே நுழைந்த முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.

வம்பு பொய்த்த வருடங்கள்

கிளப் பேச்சு எப்போதும் பலிப்பதில்லை. 2018-ல் குவீன்ஸ் கட்சித் தலைவரும் நீண்டநாள் பார்லிமெண்டு உறுப்பினருமான ஜோசப் கிரவுலியை, அதற்கு முன் எந்தப் பதவியும் வகிக்காத அலெக்சாண்ட்ரியா ஒக்காசியோ-கோர்டெஸ் பிரைமரியில் வீழ்த்தினார். 2021-ல் ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் இருந்து இந்திய வம்சாவளி வக்கீல் சேகர் கிருஷ்ணன் நகரசபைக்குள் நுழைந்தார்.

2025 பெரிய அதிர்ச்சி. முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ கியூமோதான் மேயர் என்று பெரும்பாலான கட்சிப் பிரமுகர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். ஆரம்பக் கணிப்புகளில் ஓரிரு சதவிகிதமே பெற்ற ஜோரான் மம்தானி ஜூன் பிரைமரியில் அவரை வென்றார். நவம்பரில் சுயேச்சையாக வந்த அவரை இன்னொரு தடவையும் வென்றார். மம்தானியின் தாயார், நம் மும்பைத் தெருப் பிள்ளைகளை வைத்து 'சலாம் பாம்பே' படம் எடுத்த மீரா நாயர். மகன் 2017-ல் நகரசபைக்கு நின்ற ஒரு பாதிரியாருக்காக வீடு வீடாகப் போய் வேலை செய்த தொண்டர். அந்தப் பாதிரியார் அப்போது தோற்றுப் போனார்.

அதனால் இப்போது கிளப்புகளில் பேச்சு ஒருவிதமாக மாறியிருக்கிறது. எந்தத் தலைவர் யாரைக் கைகாட்டுகிறார் என்பதோடு, யார் பின்னால் படியேற எத்தனை பேர் என்றும் எண்ணிப் பார்க்கிறார்கள். 2029 பிப்ரவரியில் கையெழுத்துத் தாள்கள் வெளியே வரும்போது, யார் தாளில் யாருடைய சாட்சிக் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்தால், மாதாகோயில் கீழ்த்தளத்தில் அடிபட்ட பெயர்களில் எது நிஜம், எது வெறும் காப்பிக் கடை வம்பு என்பது தெரிந்துவிடும்.