சாவிக்கு முன்னால் கடிகாரம்

நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதிய காலத்தில் மெட்ராஸுக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. எங்கள் சுந்தரபாண்டியம் நெசவாளர் ஊர். சேலை மாதிரி, பில், கடிதம் என்று ஏதாவது ஒன்றை எழும்பூர் பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸ் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில் பொதிகை ரயிலில் ஏறினால் விடியக்காலம் எழும்பூர். அலுவலகம் திறக்கப் பத்து மணி ஆகும். அதுவரைக்கும் குளிக்க ஒரு வாளித் தண்ணீர், பையை வைத்துப் பூட்ட ஒரு கதவு, முதுகு சாய்க்க ஒரு கட்டில். இதற்குத்தான் ரூம்.

முதல் தடவை வாடகையை மட்டும் விசாரித்து ஏமாந்தேன். காலை ஐந்தரைக்குச் சாவி வாங்கி, சாயங்காலம் காலி பண்ணப் போனால் இரண்டு நாள் வாடகை கேட்டார்கள். பகல் பன்னிரண்டோடு ஒரு நாள் முடிந்துபோச்சாம். போர்டு மாட்டித்தான் இருந்தது, காலண்டருக்குப் பின்னால். சங்கத்தில் ஒரு நாள் படிதான் தந்தார்கள்.

அதற்குப் பிறகு, ‘24 மணி நேர செக்-அவுட்’ இருக்கிற லாட்ஜைத்தான் தேடுவேன். ஐந்தரைக்குச் சாவி வாங்கினால் மறுநாள் ஐந்தரை வரை நம் ரூம். விடியலில் இறங்கி அன்றைக்கு ராத்திரியே ரயில் ஏறுகிற தென்மாவட்டக்காரனுக்கு, நூறு ரூபாய் கூடுதல் என்றாலும் இதுதான் மலிவு.

வேலை இரண்டு மூன்று நாள் இழுத்தால் திருவல்லிக்கேணி மேன்ஷன். கோட்டை, எழிலகம், பல்கலைக்கழகம், மவுண்ட் ரோடு எல்லாம் பக்கம் என்பதால், வேலைக்கு வந்த கல்யாணமாகாத பையன்கள் மாத வாடகைக்கு நிறைந்த இடம் அது. நான் தங்கிய மேன்ஷனில் ஜன்னல் வராண்டாவைப் பார்த்திருக்கும். இரும்புக் கட்டில், ரெக்ஸின் மெத்தை, சுவருக்குச் சுவர் கொடிக்கயிறு. யாரோ காயப்போட்ட பனியன் நம் முகத்தில் சொட்டும். ரெக்ஸின் முதுகில் ஒட்டும் என்று நம் ஊர் வேட்டி ஒன்றை மடித்து எடுத்துப்போய் விரித்துக்கொள்வேன். மேனேஜர் ஆதாரைப் பார்த்துவிட்டு, “சுந்தரபாண்டியமா? வத்திராயிருப்புப் பக்கம்லா அண்ணாச்சி! எனக்கு சங்கரன்கோயில்” என்றார். வாடகை குறையவில்லை. ஆனால் தண்ணீர் நிற்கும் முன் கதவைத் தட்டி எழுப்பிவிட்டார்.

லாட்ஜ் பெருகாத காலத்தில் சத்திரம்தான் கதி. சென்ட்ரலுக்கு எதிரே சர் சவலை ராமசாமி முதலியார் 1880-களில் கட்டிய சத்திரம், ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் தங்கவென்றே எழுந்தது. இப்போது அந்த வேலையை ஸ்டேஷன் ஓய்வறையும் டார்மிட்டரியும் செய்கின்றன. பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். நேரில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கையை விரிப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விடச் சின்ன ரூமும் உண்டு. ஜப்பானில் ஒசாகாவில் 1979-இல் கிஷோ குரோகாவா என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்த கேப்சூல் ஹோட்டல். ஆள் நீட்டிப் படுக்கிற நீளம், உட்கார்ந்தால் தலை தட்டாத உயரம், அவ்வளவுதான். நம் ரயில்வே 2021 நவம்பரில் மும்பை சென்ட்ரலில் இதேபோல் 48 பெட்டிகளோடு ஒன்றைத் திறந்தது. மூச்சு முட்டாதா என்று கேட்கிறார்கள். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டே ஆயுசைக் கழித்தவர்கள் ஊர்க்காரன் நான், எனக்குப் பயமில்லை.

பில்லையும் கொஞ்சம் பாருங்கள். நாள் வாடகை ஆயிரம் ரூபாய் வரைக்கும் ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதம். பழைய கணக்கிலேயே வரி போட்டிருந்தால் கேட்டுவிடுங்கள், தப்பில்லை.

மருமகன் இப்போது செல்போனில் ரூம் போடுகிறான். டைல்ஸ், டிவி, வெள்ளை விரிப்பு என்று ஒவ்வொரு படமாக நகர்த்திக் காட்டினான். லாட்ஜ் நம்பரை வாங்கி நானே அடித்தேன்.

“பன்னெண்டு மணிக் கணக்கா, இருபத்தி நாலு மணிக் கணக்கா?”

“சார், நீங்க எந்த ட்ரெயின்ல வர்றீங்க?” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

பேனாவை எடு என்று மருமகனுக்குச் சைகை காட்டினேன்.