கிட் ஏன் வாசல்லயே நிக்குது? ஒரே கனெக்‌ஷனை எல்லாத்துக்கும் பயன்படுத்துவது எப்படி

‘கிட் ஃபெட்ச்’ அடிச்சுட்டு ரெண்டு செகண்ட் காத்திருக்கீங்க. கடைசியில புதுசா ஒண்ணுமே வரலை. அப்போ அந்த ரெண்டு செகண்ட் எங்கே போச்சு? இன்னிக்கு அதைத்தான் பேசப்போறேன்.

பெரிய அபார்ட்மென்ட் ஒண்ணுக்குப் போறீங்கன்னு வைங்க. செக்யூரிட்டி பேர் கேட்பார், ரெஜிஸ்டர்ல எழுதச் சொல்வார், வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார். அப்புறம்தான் உள்ளே விடுவார். எஸ்எஸ்ஹெச் வழியா கிட் சர்வருக்குப் போகும்போதும் இதே கதைதான். முதல்ல டிசிபி கனெக்‌ஷன், அடுத்து என்கிரிப்ஷனுக்கான சாவியை ரெண்டு பக்கமும் முடிவு பண்ணணும், அப்புறம் நீங்க யாருன்னு நிரூபிக்கணும். ஒவ்வொரு படிக்கும் தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பணும். ஒரு தடவை போய் வர 200 மில்லிசெகண்ட்னா, அஞ்சு தடவைக்கே ஒரு செகண்ட் காலி. இன்டர்நெட் பிளானை மாத்தினாலும் இது பெருசா குறையாது. சர்வர் இருக்கிற தூரம் மாறலையே!

20 சப்மாட்யூல் இருக்கிற ப்ராஜெக்ட்டை யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொண்ணா அப்டேட் பண்ணும்போது, ஒவ்வொண்ணுக்கும் புது கனெக்‌ஷன். வாசல்லயே 20 செகண்ட் போயிடும்.

எச்டிடிபிஎஸ்ல கிட் கொஞ்சம் புத்திசாலி. உள்ளே இருக்கிற லிப்கர்ல் லைப்ரரி, ஒரு கமாண்ட் ஓடுற வரைக்கும் அதே கனெக்‌ஷனைத் திரும்பப் பயன்படுத்தும். ஆனா கமாண்ட் முடிஞ்சதும் ப்ராசஸும் முடிஞ்சுடும், கனெக்‌ஷனும் போயிடும்.

எஸ்எஸ்ஹெச்ல இதுக்கு நல்ல வழி இருக்கு. உங்க எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக் ஃபைல்ல மூணு வரி சேர்க்கணும். ‘கன்ட்ரோல்மாஸ்டர்’ ஆட்டோன்னு வைங்க. முதல் கனெக்‌ஷன் மாஸ்டர் ஆகிடும். ‘கன்ட்ரோல்பெர்சிஸ்ட்’ பத்து நிமிஷம்னு வைங்க. வேலை முடிஞ்சப்புறமும் அவ்வளவு நேரம் திறந்திருக்கும். ‘கன்ட்ரோல்பாத்’, அந்தக் கனெக்‌ஷனுக்கான சாக்கெட் ஃபைல் எங்கே இருக்கணும்னு சொல்லும். அடுத்த கமாண்ட் ரெஜிஸ்டர்ல எழுதாம நேரா உள்ளே போயிடும்.

இப்போதான் முக்கியமான விஷயம். அந்த பாஸ் முதல்ல உள்ளே போனவர் பேர்ல இருக்கு. ஒரே சர்வர்ல ஆபீஸ் அக்கவுன்ட், சொந்த அக்கவுன்ட்னு ரெண்டு சாவி வெச்சிருக்கிறவங்க கவனிங்க. ரெண்டு ஹோஸ்ட் பேர் வெச்சிருந்தாலும், கடைசியில ரெண்டும் அதே சர்வர், அதே ‘கிட்’ யூசர். பாதையில யூசர், சர்வர், போர்ட் மட்டும் இருந்தா ரெண்டுக்கும் ஒரே சாக்கெட்தான். காலையில ஆபீஸ் கோடை எடுத்துட்டு, அஞ்சு நிமிஷத்துல சொந்த ரெப்போவுக்கு புஷ் பண்ணினா, சர்வர் உங்களை ஆபீஸ் ஆளாத்தான் பார்க்கும். அனுமதி இல்லைன்னா எரர் வரும், அது பரவாயில்லை. அனுமதி இருந்துட்டா? புஷ் பண்ணினது ஆபீஸ் அக்கவுன்ட்னு பதிவாகிடும். சத்தமே இருக்காது.

தீர்வு சின்னதுதான். பாதையில சதவீதக் குறியோட சின்ன ‘என்’ எழுத்தையும் சேருங்க. நீங்க டைப் பண்ணின ஹோஸ்ட் பேரே சாக்கெட் பேர்ல வந்துடும், ரெண்டும் கலக்காது.

இன்னும் மூணு விஷயம். சாக்கெட் இருக்கிற ஃபோல்டரை நீங்க மட்டும் திறக்கிற மாதிரி வைங்க. அதைத் தொட முடிஞ்சவங்களுக்கு உங்க சாவியும் பாஸ்வேர்டும் தேவையே இல்லை. பலர் பயன்படுத்துற மெஷின்ல இதை ஆன் பண்ணாதீங்க. வைஃபை மாத்தினதும் கிட் அப்படியே உறைஞ்சு நின்னா, பழைய கனெக்‌ஷன் செத்துப்போயிருக்கும். ‘எஸ்எஸ்ஹெச், ஹைஃபன், பெரிய ஓ, எக்ஸிட்’, அப்புறம் ஹோஸ்ட் பேர் அடிச்சா மூடிடும். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வர்ல ஒரு கனெக்‌ஷனுக்கு 10 செஷன்தான் டீஃபால்ட். ஒரே நேரத்துல 20 சப்மாட்யூலை இழுக்கும்போது அது ஞாபகம் இருக்கட்டும்.

இன்னிக்கே உங்க கான்ஃபிக் ஃபைலைத் திறந்து கன்ட்ரோல்பாத் வரியை ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!